வடக்கு லைனா, கல்லூரிப் பேருந்தா: ஒரு லாரி ஓட்டுநர் வீட்டின் கணக்கு

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் உள்ளது எங்கள் ஊர். தெருவுக்கு நான்கு பேராவது ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள். அப்பா 26 ஆண்டுகள் வட மாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் வடக்கு லைனில் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டினார். தம்பி 11 ஆண்டுகளாக அதே வடக்கு லைனில் ஓடுகிறான். நான் லாரி அலுவலகம் ஒன்றில் டிரிப் கணக்கு எழுதுகிறேன். சென்ற தை மாதம், எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டரில் உள்ள ஒரு கல்லூரியில் தம்பிக்குப் பேருந்து ஓட்டும் வேலை தருவதாகச் சொன்னார்கள். மாதம் 20,000 ரூபாய் சம்பளம், ஒவ்வோர் இரவும் வீட்டில். லாரியில் அவனுக்கு மாதம் சராசரியாக 36,000 ரூபாய் வருகிறது, வீட்டில் இருப்பது ஐந்து நாள். மாதம் 16,000 ரூபாயை யாராவது வேண்டாம் என்பார்களா என்று உறவினர்கள் கேட்டார்கள். பொங்கலுக்கு வந்த தம்பி மறுபடி வண்டி ஏறுவதற்கு முன்பு, அவனும் அவன் மனைவியும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டோம். இதே கேள்வி இங்கே பல வீடுகளில் இருப்பதால், நாங்கள் போட்டபடியே இங்கு எழுதுகிறேன்.

முதலில், 36,000 என்பது சம்பளம் அன்று. லைன் வண்டியில் பெரும்பாலும் டிரிப்புக்கு இவ்வளவு என்றோ வாடகையில் இத்தனை சதவீதம் என்றோதான் பேச்சு. வண்டி நகர்ந்தால் பணம், நின்றால் இல்லை. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் ஓடி டெல்லியில் இறக்குவது ஆறேழு நாள் வேலைதான் என்றாலும், அங்கே சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருக்கும் நாட்களுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. அது இரண்டு நாளாகவும் இருக்கலாம், ஒன்பது நாளாகவும் இருக்கலாம், அத்தனை நாளும் சாப்பாடு கைக்காசில். பேசிய மைலேஜ் வராவிட்டால் டீசல் குறைவுக்குப் பிடித்தம் உண்டு; தார்ப்பாய் கிழிந்து சரக்கு நனைந்தால் அதற்கும் உண்டு. நான் எழுதும் டிரிப் ஷீட்டுகளில் ஒரே ஓட்டுநருக்கு ஒரு மாதம் 44,000 வந்து அடுத்த மாதம் 21,000 வந்ததைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெண்கள் மாதச் செலவை 44,000-க்குத் திட்டமிடுவதில்லை, 21,000-க்குத்தான் திட்டமிடுகிறார்கள். மிச்சம் வந்தால் அது பழைய கடனுக்குப் போகிறது.

தம்பியின் 25 நாள் சாலைச் செலவை அவனே சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று வேளைச் சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 10,000. குளியல், துணி, போன், வழியில் வாங்கும் மாத்திரை, நண்பனுக்குக் கொடுத்துத் திரும்பி வராத நூறு இருநூறு ஆகியவற்றுக்கு 2,500. ஆக, வீட்டுக்கு வந்து சேர்வது 23,500 ரூபாய். முன்பெல்லாம் கிளீனர் உடன் வருவார், கேபினிலேயே சமைப்பார்கள், செலவு பாதியாகும். இப்போது பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் தனியாள். ஸ்டவ் மூட்டி உட்கார நேரமில்லாததால் தாபாதான்.

கல்லூரியின் 20,000 வேறு மாதிரியான பணம். அதில் வருங்கால வைப்பு நிதிக்கு 1,800 ரூபாய் பிடிப்பார்கள். வைப்பு நிதிக்குக் கணக்கில் கொள்ளும் சம்பள வரம்பான 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் அது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய். கையில் வருவது 18,050. வீட்டில் சாப்பிடுவதால் அவன் ஒருவனுக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகும் என்று வைத்தால் மீதி 15,050. ஆகவே, ரொக்கமாகப் பார்த்தால் இரண்டு வேலைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் 16,000 இல்லை, 8,450 ரூபாய். நிர்வாகமும் தன் பங்காக இன்னொரு 1,800 ரூபாய் கட்டுகிறது; அதில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. இந்த 3,600 ரூபாயையும் அவன் பெயரில் சேரும் பணமாக எண்ணினால் வித்தியாசம் 4,850 ஆகச் சுருங்குகிறது.

வைப்பு நிதியில் இருக்கும் பணம் இந்த மாதம் அரிசி வாங்க உதவாது என்று தம்பி மனைவி சொன்னது நியாயமான சொல். அதனால் நாங்கள் இரண்டு எண்களையும் தாளில் தனித்தனியாகவே வைத்துக்கொண்டோம்: குடும்பம் நடத்த 8,450 குறையும், குடும்பத்தின் சொத்துக் கணக்கில் 4,850 மட்டுமே குறையும். 25 இரவுகளால் வகுத்தால், ஒரு இரவு வீட்டில் இருப்பதற்கு முதல் கணக்கில் 338 ரூபாயும் இரண்டாவது கணக்கில் 194 ரூபாயும் விலை. இந்த எண்ணை எழுதிக் காட்டியபோது தம்பி வெகுநேரம் பேசவில்லை. 16,000 என்று கேட்டபோது அவன் முகத்தில் இருந்த உறுதி 194 என்று கேட்டபோது இல்லை.

ஆனால் அந்த 338 ரூபாயைக் கொடுக்க முடியாத வீடுகள் இருக்கின்றன, எங்கள் வீடும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அப்பா வடக்கு லைனில் ஓடிய பணத்தில்தான் ஓட்டு வீடு மெத்தை வீடானது, நான் கல்லூரி போனேன், அக்காவின் கல்யாணம் நடந்தது. அந்தப் பணத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. அதே சமயம், அடுப்படிச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரையும் நான் மறக்கவில்லை. மளிகைக் கடைப் போனில் அப்பா அழைத்த நாளெல்லாம், எந்த ஊரிலிருந்து பேசினார் என்பதை அம்மா அந்தக் கட்டத்தில் எழுதி வைப்பார். கர்னூல், நாக்பூர், சாகர், ஜான்சி, குவாலியர் என்று இந்தியாவின் வரைபடத்தை நான் படித்தது அந்தக் கட்டங்களில்தான். அப்பா வந்திருக்கும் நாளில் ‘வீடு’ என்று எழுதுவார். பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் ஒருநாள், பழைய காலண்டர்களை எடுத்து அந்தச் சொல்லை எண்ணினேன். ஒரே ஒரு ஆண்டில்தான் அது அறுபதைத் தாண்டியிருந்தது. அந்த நாட்களிலும் பாதியை அப்பா திண்ணையில் உறங்கிக் கழித்தார். அவரை எழுப்பக் கூடாது என்று நாங்கள் தெருவில் விளையாடினோம்.

தம்பிக்கு ஆறு வயதில் ஒரு மகளும் இரண்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அப்பா காலத்தில் இல்லாத வீடியோ அழைப்பு இப்போது உண்டு. தினமும் இரவு பிள்ளைகளிடம் பேசுகிறான். அது பெரிய ஆறுதல்தான். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை இரவு பதினோரு மணிக்கு மருத்துவமனைக்குத் தூக்கிப் போக ஆள் வேண்டும். ரேஷன் கடை, வங்கி, பள்ளிக் கூட்டம், மாமியாரின் சர்க்கரைப் பரிசோதனை எல்லாம் தம்பி மனைவி ஒருத்தி தலையில். ஐந்து நாள் வந்து போகும் கணவன், அவள் இருபத்தைந்து நாள் நடத்திய வீட்டில் விருந்தாளி போல் இருக்கிறான், அல்லது தெரியாத விஷயத்தில் அதிகாரம் செய்கிறான். இரண்டுமே சண்டையில் முடிகின்றன. லைன் வேலையின் கணக்கில் மனைவியின் இந்த உழைப்பு எந்த வரியிலும் வருவதில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், மேலே சொன்ன 8,450-இல் கணிசமான பங்கு அதற்கே போய்விடும்.

உடம்பைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும்: இடுப்பு, மூலம், சிறுநீரை அடக்கி அடக்கி வரும் கல், நாற்பது வயதுக்கு முன்பே சர்க்கரை. இன்சுலின் போட வேண்டிய நிலை வந்துவிட்டால் அதைக் குளிர்ச்சியில் வைத்து 2,400 கிலோமீட்டர் கொண்டு போவது எவ்வளவு பாடு என்பதை ஒரு மூத்த ஓட்டுநரிடம் பார்த்திருக்கிறேன். மாதக் கணக்கில் வீட்டை விட்டு இருக்கும் வாழ்க்கைக்கு இந்த மாவட்டம் வேறொரு விலையும் கொடுத்தது. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் எச்.ஐ.வி. தொற்று அதிகம் பதிவான மாவட்டங்களில் ஒன்றாக நாமக்கல் இருந்தது, அதன் பாரத்தை லாரி ஏறாத மனைவிமார்களும் சுமந்தார்கள். பிறகு பரிசோதனையும் விழிப்புணர்வும் சிகிச்சையும் வந்து நிலைமை மாறியது.

லைன் வேலை முன்னைவிட மேம்பட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளில் நாள் கணக்கில் நிற்பது ஒழிந்தது; 2021-இல் ஃபாஸ்டேக் கட்டாயமானதால் சுங்கச்சாவடி வரிசை குறைந்தது; புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. இருக்க வேண்டும் என்ற விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இப்படி மிச்சமான நேரம் ஓட்டுநரின் தூக்கத்துக்குப் போகவில்லை, அடுத்த லோடுக்குப் போனது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், நெடுந்தூர ஓட்டத்தில் அதிகபட்சம் நாளுக்கு 10 மணி நேரம் என்றும் வரையறுத்திருந்தது. ஒற்றை ஆளாக ஓட்டும் லைன் வண்டியில் அந்த வரையறை நடைமுறைக்கு வந்ததாக என் டிரிப் ஷீட்டுகள் சொல்லவில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் வரும் அலுவலகப் போனை எடுக்க எனக்கு இன்றும் கை நடுங்கும்.

விபத்து என்று நடந்துவிட்டால் இரண்டு வேலைகளும் குடும்பத்துக்கு என்ன விட்டுச் செல்கின்றன என்பதையும் ஒப்பிட வேண்டும், பலர் இதைப் பேசவே அஞ்சுகிறார்கள். வேலையின்போது இறந்தாலோ ஊனமுற்றாலோ இழப்பீடு கேட்கும் உரிமை லாரி ஓட்டுநருக்கும் உண்டு. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாதவர், தான் அந்த வண்டியில் வேலையில் இருந்ததையும் என்ன சம்பாதித்தார் என்பதையும் நிரூபிக்க அலைய நேரும். லைனில் இருப்பவர்கள் ஒவ்வொரு டிரிப் ஷீட்டையும் போனில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பி வைப்பது நல்லது. கல்லூரி வேலையில் வைப்பு நிதி இருந்தால், பணியில் இருக்கும்போது இறப்பவரின் குடும்பத்துக்கு அதனுடன் சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஈ.எஸ்.ஐ.யில் மனைவி, பிள்ளைகள் மட்டுமல்லாமல், அவனைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் சிகிச்சை பெறலாம். அம்மாவின் மாத்திரைச் செலவு மட்டுமே மாதம் 1,400 ரூபாய் என்பதால் எங்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

கல்லூரிப் பேருந்தை நான் சொர்க்கமாகக் காட்ட விரும்பவில்லை. காலை ஆறு மணிக்குப் பேருந்தை எடுத்து ஒன்பதரைக்குக் கல்லூரியில் விட்டு, மாலை மூன்றரைக்கு மறுபடி எடுத்து ஆறரைக்கு முடிக்கும் வேலை அது; ஸ்டியரிங் பிடிப்பது ஆறரை மணி நேரம், வேலைக்குக் கட்டுப்பட்டிருப்பது பன்னிரண்டரை மணி நேரம். நடுவில் உள்ள ஆறு மணி நேரம் யாருடையது என்பதுதான் இந்த வேலையின் முக்கியமான கேள்வி. சில இடங்களில் அந்த நேரத்தில் ஓட்டுநர்களை வளாகத்தில் வேறு வேலைக்கு இழுத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக விடுகிறார்கள். தம்பிக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. “அங்க எனக்கு மேல ஆளில்லைங்ண்ணா. இங்க ஒரு நிமிசம் பிந்துனாலும் போன் வந்துரும்” என்றான். பதினொரு ஆண்டுகள் தன் முடிவில் வண்டி ஓட்டியவனுக்கு அது உண்மையான இழப்பு, அதைப் பணக் கணக்கில் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை.

நடுவழியாகச் சில வேலைகள் உண்டு, அவற்றையும் பார்த்தோம். கேரளத்துக்கு முட்டை ஏற்றும் வண்டி மாலையில் பண்ணையில் அட்டை அட்டையாக ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஓடி, விடியும்போது பாலக்காட்டையோ கொச்சியையோ சேர்ந்து, இறக்கிவிட்டுத் திரும்பும். வருமானம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ஆனால் ஆள் வீட்டில் இருக்கும் நேரம் பகல் தூக்கத்தில் போய்விடும். டிப்பரில் ஒவ்வோர் இரவும் வீட்டுக்கு வரலாம், ஆனால் கூலி நடைக்கணக்கு என்பதால் ஒரு நடை கூட அடிக்கும் வெறியில் ஓட்டுகிறார்கள். தம்பியே அதை வேண்டாம் என்றான். கேஸ் டேங்கருக்கு அபாயகரப் பொருள் பயிற்சிச் சான்று வாங்கியாக வேண்டும், சிலிண்டரில் கேஸ் நிரப்பும் பாட்டிலிங் ஆலை வாசலில் வரிசையில் கிடக்கும் நாட்கள் வேறு. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலோ ஏறினால் பல மாதம் கழித்துத்தான் ஊர், எங்கள் கேள்விக்கே அது எதிர்த்திசை.

கடைசியில் முடிவைத் தடுத்துக்கொண்டிருந்தது கடன். வீட்டு மாடி கட்ட வாங்கிய 3 லட்சம் ரூபாய், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் இருந்தது. மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போனது, அசல் அசையவில்லை. லைன் வேலையின் கூடுதல் வருமானத்தில் பெரும்பகுதியை வட்டிக்காரர்தான் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது தாளில் எழுதும்வரை எங்களுக்கு உறைக்கவில்லை. தம்பி மனைவி தன் நகையை வங்கியில் வைத்து அந்தக் கடனை அடைக்கலாம் என்று தானே சொன்னாள். நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 2,500. இந்த ஒரு மாற்றத்தில் 3,500 மிச்சமானதும் ரொக்கக் குறைவு 8,450-லிருந்து 4,950 ஆக இறங்கியது. பகல் இடைவேளையில் தம்பி வீட்டுக்கு வந்து சின்னவனைப் பார்த்துக்கொண்டால், அவள் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் அரை நாள் வேலைக்குப் போகலாம். 200 ரூபாய் கூலி என்றாலும் 25 நாளில் 5,000. ஆள் வீட்டில் இருப்பதால் மட்டுமே சாத்தியமாகும் வருமானம் இது. கல்யாணத்துக்கு முன்பு வேலைக்குப் போனவள் அவள், மறுபடி போக வேண்டும் என்று அவளுக்கே ஆசை இருந்தது. அந்த ஆசை இல்லாவிட்டால் இந்த வரியைக் கணக்கில் சேர்த்திருக்கக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், பிள்ளைகள் பத்து வயதுக்குள் இருந்து, கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற வழியும் இருந்தால், வீட்டில் இருக்கும் வேலையையே எடுக்க வேண்டும் என்பேன். வட்டியைக் குறைக்க வழியே இல்லை என்றாலோ, கல்யாணம், மருத்துவம் போன்ற பெரிய செலவு முன்னால் நின்றாலோ லைனில் தொடரலாம். ஆனால் எந்தத் தொகைக்காக, எந்த மாதம்வரை என்பதை மனைவியோடு பேசி எழுதி வைத்துக்கொண்டு தொடர வேண்டும். அப்பா மெத்தை வீடு முடிந்ததும் இறங்கிவிடுவேன் என்றார். அதன்பின் பதினான்கு ஆண்டுகள் ஓடினார்.

தம்பி கல்லூரி அலுவலகத்துக்குப் போய் நான்கு விஷயங்களைக் கேட்டான். வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் முதல் மாதத்திலிருந்தே உண்டா? மே விடுமுறையில் முழுச் சம்பளமா? பகல் இடைவேளையில் வெளியே போகலாமா? பேருந்தில் கீறல் விழுந்தால் பிடித்தம் உண்டா? முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஆம் என்றார்கள். மே மாதம் பாதிச் சம்பளம் என்றார்கள். பிடித்தத்தைப் பற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மே மாதத்துக் குறைவுக்கு 10,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 835 ரூபாய் இப்போதே ஒதுக்கத் தொடங்கிவிட்டோம்.

ஓனரிடம் வாங்கிய அட்வான்ஸில் 18,000 ரூபாய் பாக்கி இருப்பதால் அதைக் கழிக்க இன்னும் இரண்டு டிரிப் போய்வர வேண்டும். ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்போது வேலையில் சேர்கிறான். கனரக உரிமத்தின் ஐந்தாண்டுக் காலம் வரும் ஆவணியில் முடிகிறது. பேருந்துக்கும் அது தேவை, என்றாவது லைனுக்குத் திரும்ப நேர்ந்தால் அதற்கும் தேவை என்பதால், புதுப்பிக்க வேண்டிய தேதியைத் தம்பி மனைவி அடுப்படிக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறாள்.